கையைக் குணமாக்கினால் போதுமா? – வேலூரில் மறுவாழ்வு வளர்ந்த கதை



மலருக்கு ஏதாவது வரலாறு எழுதிக் கொடுன்னு எங்க ஊக்குநர் அக்கா கேட்டப்போ, நான் பத்தாவது படிச்சவ, எனக்கு என்ன வரலாறு தெரியும்னுதான் முதல்ல சொன்னேன். 1989-ல தர்மபுரியில குழுக்கள் ஆரம்பிச்ச கதையை வேற ஒரு அக்கா எழுதுறாங்க. "நீதான் மூணு மாசம் பாகாயத்துல இருந்தியே, அங்க கேட்டதை எழுது"ன்னாங்க. சரின்னு உட்கார்ந்தேன். அங்க வேலை செஞ்ச ஒரு வயசான அம்மா சொல்லிக் கேட்டதும், பிறகு நானா தேடிப் படிச்சதும்தான் இது.

பாகாயத்துக்கு நாங்க எதுக்குப் போனோம்னு முதல்ல சொல்லிடறேன். 2012 பங்குனியில என் கொழுந்தனார் புளி உலுக்க மரம் ஏறினவர், கிளை முறிஞ்சு விழுந்துட்டார். முதுகெலும்பு உடைஞ்சு இடுப்புக்குக் கீழ உணர்ச்சி போயிடுச்சு. ஒரு ஆஸ்பத்திரியில ஆபரேஷன் செஞ்சு உயிரைக் காப்பாத்தினாங்க. அதுக்கு என்னைக்கும் நன்றி. ஆனா வீட்டுக்கு அனுப்பும்போது "இனிமே இப்படித்தான், நல்லா பார்த்துக்குங்க"ன்னு மட்டும் சொன்னாங்க. நல்லா பார்த்துக்கிறதுன்னா என்னன்னு யாரும் சொல்லித் தரல.

நாங்க நல்லாத்தான் பார்த்துக்கிட்டோம். மெத்தை போட்டு, அலுங்காம குலுங்காம, அசைச்சா வலிக்குமோன்னு பயந்து அப்படியே படுக்க வச்சிருந்தோம். அதுதான் தப்பு. 20 நாள் கழிச்சு நாத்தம் வந்து புரட்டிப் பார்த்தா, இடுப்புக்குப் பின்னால உள்ளங்கை அகலத்துக்குப் புண்ணு, எலும்பு தெரியுது. அத்தை அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதாங்க. அவருக்கு வலிக்கவே இல்லை. வலிச்சிருந்தா சொல்லியிருப்பாரே!

வலி தெரியாத உடம்பை எப்படிக் காப்பாத்துறது? வேலூரில் மறுவாழ்வு வைத்தியம் வளர்ந்த கதையே இந்தக் கேள்வியில்தான் ஆரம்பிக்குது. அதுவும் முதல்ல கேட்டது எங்க கொழுந்தனார் மாதிரி முதுகு உடைஞ்சவங்களுக்காக இல்லை, தொழுநோய்க்காரங்களுக்காக.

பால் பிராண்ட் என்று ஒரு டாக்டர். வெள்ளைக்காரர்தான், ஆனால் பிறந்தது நம்ம கொல்லிமலையில், 1914-ஆம் ஆண்டு. அப்பா அம்மா இரண்டு பேரும் அங்கே மலைஜனங்களுக்கு ஊழியம் செய்தவர்கள். அப்பா 1929-லேயே காய்ச்சலில் இறந்துபோனார். அம்மா தொண்ணூறு வயது தாண்டியும் மலை மலையாகச் சுற்றி வைத்தியம் பார்த்தார். அந்த அம்மாவைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம். மகன் இங்கிலாந்தில் முதலில் தச்சு வேலையும் கட்டட வேலையும் கற்றுக்கொண்டு, அதற்குப் பிறகுதான் டாக்டருக்குப் படித்தார். தச்சு கற்றது பின்னால் எப்படி உதவியது என்று பாருங்கள்.

1946-ல் அவர் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். மறுவருஷம் செங்கல்பட்டில் இருந்த தொழுநோய் ஆஸ்பத்திரியைப் பார்க்கப் போனார். அங்கே எல்லாருக்கும் விரல்கள் உள்பக்கம் மடங்கி, கோழிக்கால் மாதிரி இருந்தன. ஒருவரிடம் "என் கையைப் பிடித்து அழுத்துங்கள்" என்றாராம். அந்த ஆள் அழுத்தியதில் டாக்டருக்கே கை வலித்துவிட்டது. செத்துப்போன கை என்று எல்லாரும் நினைத்திருந்த கையில் இவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது? இதைத்தான் அவர் விடாமல் ஆராய்ந்தார். நோய் எல்லாத் தசையையும் கெடுப்பதில்லை, முன்கையில் இருக்கிற தசைகளில் பல நன்றாகவே இருக்கின்றன என்று கண்டுபிடித்தார். நன்றாக இருக்கிற ஒரு தசையின் நரம்பை எடுத்து, மடங்கின விரலுக்கு மாற்றித் தைத்தால் விரல் நிமிரும். நரம்பு என்று நாம் பேச்சில் சொல்கிறோமே, தசையை எலும்போடு கட்டுகிற நாண், அதைத்தான் சொல்கிறேன். அப்படியே செய்தார், விரல்கள் நிமிர்ந்தன.

இன்னொன்றும் கவனித்தார். தொழுநோய்க்காரர்களுக்கு விரல் தானாக அழுகி விழுகிறது என்றுதான் அப்போது உலகமே நம்பிக்கொண்டிருந்தது. நம்ம ஊரிலும் இன்னும் சிலர் அப்படித்தான் சொல்கிறார்கள். ஒருநாள் துருப்பிடித்த பூட்டு ஒன்றை டாக்டரால் திறக்க முடியவில்லை. பத்து வயசுப் பையன் ஒருவன் வந்து சாவியைச் சட்டென்று திருகித் திறந்துவிட்டான். பார்த்தால் அவன் விரல் எலும்பு வரைக்கும் கிழிந்து ரத்தம் சொட்டுகிறது. அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. விரல் போவது நோயால் அல்ல, வலி தெரியாததால்தான் என்று டாக்டருக்கு அங்கே உறைத்தது. சூடான பாத்திரம், கரடுமுரடான கைப்பிடி, செருப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் ஆணி, எதுவும் தெரிவதில்லை. ராத்திரி தூங்கும்போது எலி வந்து விரலைக் கடித்தாலும் தெரிவதில்லை. அதற்காக நோயாளிகளுக்குப் பூனை வளர்க்கக் கொடுத்தார்களாம். கேட்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு சிரிப்பு நின்றுபோச்சு. கால் புண்ணுக்கு இன்றைக்கும் எம்.சி.ஆர். செருப்பு கொடுக்கிறார்களே, மெத்தென்று இருக்கும் அந்த ரப்பர் அடி, அதுவும் வேலூர்ப் பக்கத்தில் அந்த நாளில் நடந்த ஆராய்ச்சியின் பலன்தான்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். கை சரியானவர்கள் சந்தோஷமாக ஊருக்குப் போனார்கள். கொஞ்ச நாளில் சிலர் வாடிப்போய்த் திரும்பி வந்தார்கள். ஊரில் யாரும் வேலை தரவில்லை, தங்க வீடும் தரவில்லை. முன்னாடியாவது மடங்கின கையை நீட்டினால் பிச்சை விழும், இப்போது கை நன்றாக இருப்பதால் அதுவும் விழவில்லை என்று ஒருவர் டாக்டரிடமே சொன்னாராம். ஒரு டாக்டருக்கு இதைவிடப் பெரிய அடி இருக்குமா? ஆபரேஷன் ஜெயித்தது, ஆள் பட்டினி.

அப்போதுதான் 1951-ல் பாகாயத்தில் கல்லூரி வளாகத்தில் எளிய குடிசைகளாகக் கட்டி, நவஜீவ நிலையம் என்று ஆரம்பித்தார்கள். ஆபரேஷன் முடிந்தவர்கள் அங்கே தங்கித் தொழில் கற்றார்கள். டாக்டருக்குத் தச்சு தெரியும் என்றேனே, அங்கே மரப்பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தார். கையில் காயம் படாமல் உளி பிடிப்பது எப்படி, தினமும் வேலை முடிந்ததும் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் காயம் தேடுவது எப்படி என்பதும் பாடம். வலி சொல்லாததைக் கண்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். காட்பாடிக்குப் பக்கத்தில் கரிகிரி ஆஸ்பத்திரி 1955-ல் வந்தது. அதை நம்மில் நிறையப் பேருக்குத் தெரியும்.

இதே வருஷங்களில்தான் மேரி வர்கீஸ் அம்மாவின் கதை நடக்கிறது. 1925-ல் கொச்சிப் பக்கம் செராயியில் பிறந்தவர். வேலூரில் டாக்டருக்குப் படித்து, பெண்களுக்கான மருத்துவத்தில் போக வேண்டும் என்ற எண்ணத்தோடு வேலை பார்த்து வந்தார். 1954 ஜனவரி 30-ஆம் தேதி, கூட வேலை செய்கிறவர்களோடு வண்டியில் வெளியே போனபோது விபத்து. முகத்தில் பெரிய காயம், அந்தத் தழும்பு கடைசிவரை போகவில்லை. முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயல் போய்விட்டது. வயது 28.

படுக்கையில் கிடந்த அவரிடம், மறுபடி டாக்டராக வேலை செய்வதைப் பற்றி யோசி என்று பேசியவர் பிராண்ட். நிற்க முடியாத டாக்டர் எப்படி ஆபரேஷன் செய்வது? கையில் செய்கிற ஆபரேஷனை உட்கார்ந்தே செய்யலாம் அல்லவா! சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி மேரி அம்மா தொழுநோயாளிகளின் கைகளைச் சரிசெய்ய ஆரம்பித்தார். கால் உணர்ச்சி இல்லாத டாக்டர், கை உணர்ச்சி இல்லாத நோயாளிக்கு வைத்தியம் பார்க்கிறார். இதை அந்த வயசான அம்மா சொன்னபோது என் கொழுந்தனார் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தார். விபத்துக்கு அப்புறம் அன்னைக்குத்தான் முதல்முதலா ஒரு கேள்வி கேட்டார்: "அந்தம்மா பாத்ரூமுக்கு என்ன பண்ணாங்க?" நாங்க எல்லாரும் சிரிச்சுட்டோம். ஆனா அதுதான் சரியான கேள்வி.

மேரி அம்மா ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்துக்குப் போய், சக்கர நாற்காலியோடு தன் வேலையைத் தானே செய்துகொள்ளப் பயிற்சி எடுத்தார். பிறகு அமெரிக்காவில் நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவத்தையே படிப்பாகப் படித்தார். திரும்பி வந்து 1963-ல் சி.எம்.சி.யில் அந்தத் துறைக்குத் தலைமை ஏற்றார். 1966-ல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறந்தது. 1972-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. 1986 டிசம்பரில் இறந்துபோனார். நான் அவரைப் பார்த்ததில்லை, படத்தில்தான் பார்த்தேன். சேலை கட்டி, சக்கர நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்.

இங்கே கொஞ்சம் இங்கிலாந்துக்குப் போய் வர வேண்டும். ஏனென்றால் எங்க வீட்டில் செய்த தப்பைத்தான் ஒரு காலத்தில் உலகத்துப் பெரிய ஆஸ்பத்திரிகளும் செய்திருக்கின்றன. முதுகுத்தண்டு உடைந்தவர்கள் இரண்டாம் உலகப் போர் வரைக்கும் பெரும்பாலும் சீக்கிரமே இறந்துபோனார்கள். உடைந்த எலும்பால் இல்லை. படுக்கைப் புண்ணும், சிறுநீரில் வரும் சீழும் விஷக்காய்ச்சலும்தான் கொன்றன. லுட்விக் குட்மன் என்ற யூத டாக்டர், ஹிட்லருக்குத் தப்பி ஜெர்மனியிலிருந்து இங்கிலாந்துக்கு வந்தவர், 1944-ல் ஸ்டோக் மாண்டவில் என்ற இடத்தில் காயம்பட்ட சிப்பாய்களுக்காக ஒரு பிரிவு தொடங்கினார். அவர் செய்த முதல் காரியம் பெரிய மருந்தோ மெஷினோ இல்லை. ராத்திரி பகல் எந்நேரமும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்கணும் என்றார். அவ்வளவுதான். சாகப்போகிறவர்கள் என்று ஒதுக்கியவர்கள் பிழைத்தார்கள். பிழைத்தவர்களை 1948-ல் வில் வித்தைப் போட்டி விளையாட வைத்தார். அதுதான் வளர்ந்து பாராலிம்பிக் ஆச்சு. நம்ம சேலம் மாவட்டத்து மாரியப்பன் 2016-ல் உயரம் தாண்டித் தங்கம் வாங்கினாரே, அதே போட்டிதான்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டுறது. 1944-ல கண்டுபிடிச்ச விஷயம் 2012-ல எங்க வீட்டுக்கு வந்து சேரல. இதை நினைச்சா இன்னைக்கும் எனக்கு ஆத்தாமையா இருக்கு. காசு செலவில்லாத வைத்தியம், ரெண்டு வார்த்தையில சொல்லி அனுப்பியிருக்கலாம்.

பாகாயத்துல எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தாங்க. எங்களுக்குன்னா நோயாளிக்கு மட்டும் இல்லை, அத்தைக்கும் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும். புரட்டுறது எப்படி, கண்ணாடி வச்சு அவரே தன் முதுகுப் பக்கம் பார்த்துக்கிறது எப்படி, சக்கர நாற்காலியில உட்கார்ந்தா அப்பப்போ ரெண்டு கையையும் ஊன்றி இடுப்பைத் தூக்கி ரத்தம் ஓட விடுறது எப்படி, டியூப் வச்சு நேரத்துக்கு ஒண்ணுக்கு எடுக்கிறது எப்படி, எல்லாம். அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. புரட்டுற நேரத்தைச் சுவத்துல கரிக்கோடு போட்டு வச்சுக்குவாங்க. புண்ணு ஆற ரொம்ப நாள் ஆச்சு. கொழுந்தனார் கட்டில்லேருந்து நாற்காலிக்குத் தானா மாறின அன்னைக்கு அத்தை கேசரி கிண்டி வார்டு முழுக்கக் கொடுத்தாங்க.

ஆனால் எல்லாரும் வேலூருக்கு வர முடியுமா? இந்தக் கேள்வி உலக அளவிலும் எழுந்தது. 1978-க்குப் பிறகு உலக சுகாதார நிறுவனம், மறுவாழ்வு என்பது பெரிய ஆஸ்பத்திரியிலேயே நின்றுவிடக்கூடாது, வீட்டுக்காரர்களுக்கும் ஊர்க்காரர்களுக்கும் கற்றுக்கொடுத்து ஊரிலேயே நடக்க வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தது. சமுதாயம் சார்ந்த மறுவாழ்வு என்று இதற்குப் பெயர். படம் போட்ட பயிற்சிப் புத்தகங்கள் வந்தன. அதை எழுதியவர்களில் ஒருவர் இலங்கையைச் சேர்ந்த பத்மனி மெண்டிஸ் என்ற பிசியோதெரபிஸ்ட் அம்மா. தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில், கழுத்துக்குக் கீழே செயலிழந்த ராமகிருஷ்ணன் ஐயா 1981-ல் சின்னதாகத் தொடங்கிய அமர் சேவா சங்கம் இன்று ஊர் ஊராகப் போய்க் குழந்தைகளுக்குப் பயிற்சி தருகிறது.

சட்டங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1995-ல் வந்த சட்டத்தில் 7 வகை ஊனம், 2016 சட்டத்தில் 21 வகை. தொழுநோய் வந்த கணவனையோ மனைவியையோ அதைக் காரணம் காட்டியே விவாகரத்து செய்யலாம் என்று 2019 வரை சட்டத்தில் இருந்தது தெரியுமா? நோய்க்கு மருந்து வந்து எத்தனையோ வருஷம் கழித்துத்தான் அதை எடுத்தார்கள். நம்ம பக்கம், 2005-ல் ஆரம்பித்த புதுவாழ்வுத் திட்டத்தில்தான் மாற்றுத்திறனாளிகளுக்கென்று தனிக் குழுக்கள் கிராமத்தில் வந்தன. இப்போது விழுதுகள் என்ற பெயரில் சேவை மையங்கள் வருகின்றன. அடையாள அட்டை எடுக்காதவர்கள் உங்கள் ஊரில் இருந்தால் முதலில் அதை எடுக்க வையுங்கள், மற்றதெல்லாம் அதற்கப்புறம்தான்.

இனி எங்க குழுவில் நடந்தது. எழுதலாமா வேண்டாமான்னு யோசிச்சேன், எழுதிடறேன்.

ஊருக்கு வந்து ஒரு வருஷம் கொழுந்தனார் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு, வீட்டு முன்னால பெட்டிக்கடை வைக்கிறேன், செல்போன் ரீசார்ஜும் பண்றேன்னார். 10,000 ரூபாய் வேணும். அத்தை குழுவில உறுப்பினர், அவங்க பேர்ல உள்கடன் கேட்டாங்க. கூட்டத்துல ஒருத்தர் எழுந்து, "நடக்க முடியாதவருக்குக் கொடுத்து வசூல் நின்னா நம்ம கிரேடிங் போயிடும், அடுத்த பேங்க் லோன் யாருக்கும் வராது"ன்னாங்க. நாலைஞ்சு பேர் ஆமாம்னாங்க. அத்தை என்னைப் பார்த்தாங்க. நானும் உறுப்பினர்தான், அண்ணிதான். மூணு மாசம் கூட இருந்தவதான். நான் வாயைத் திறக்கல. எனக்கும் அதே மாசம் கடன் வேண்டியிருந்துச்சு, அதுதான் உண்மை.

பேசினது அதிகம் பேசாத ஒரு பெரியம்மா. அவங்க அப்பா கரிகிரியில கை ஆபரேஷன் பண்ணிக்கிட்டவராம். அது வரைக்கும் எங்க யாருக்கும் தெரியாது. "எங்கப்பா கையை டாக்டர் நிமித்திக் கொடுத்தாரு. டீக்கடை வச்சாரு. அந்தக் கையால கொடுத்த டீயை ஊர்ல ஒருத்தரும் வாங்கிக் குடிக்கல. மூணு மாசத்துல மூடினாரு. கை நல்லாயிடுச்சு, கடை நல்லாகல. இப்ப நீங்களும் அதே மாதிரிதான் பேசறீங்க"ன்னாங்க. கொஞ்ச நேரம் யாரும் பேசல. தீர்மான நோட்டுல கடன் எழுதினது நான்தான், என் கையெழுத்து நல்லா இருக்கும்னு எப்பவும் என்கிட்டதான் கொடுப்பாங்க. எழுதும்போது தலை நிமிரல.

10 மாசத் தவணை. சிறுநீர்ல சீழ் வந்து காய்ச்சல்ல படுத்த ஒரு மாசம் மட்டும் தள்ளிப்போச்சு, மறுமாசம் ரெண்டு தவணையா கட்டிட்டார். கடை இன்னைக்கும் ஓடுது. பெரியம்மா தினமும் சாயங்காலம் அங்கதான் வெத்தலை பாக்கு வாங்குவாங்க.

போன வருஷம் மாற்றுத்திறனாளி குழுவுக்கு அவரைப் பிரதிநிதியா போட்டாங்க. கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரணும். நம்ம கட்டடத்துக்கு முன்னால மூணு படி இருக்கு. ரெண்டு தடவை நாலு பேர் நாற்காலியோட தூக்கி உள்ள வச்சாங்க. மூணாவது தடவை, "வேணாம் அண்ணி, வெளியில வேப்பமரத்தடியிலேயே இருக்கேன், கையெழுத்து மட்டும் நோட்டைக் கொண்டு வந்து வாங்கிக்குங்க"ன்னார். இந்தத் தடவை நான் எழுந்து பேசினேன். சாய்தளம் போடத் தீர்மானம் ஆச்சு.

கொத்தனார் வந்து பார்த்துட்டு ஆறு அடி நீளத்துல போட்டுடலாம்னார். பாகாயத்துல ஒரு அடி உயரத்துக்குப் பன்னெண்டு அடி நீளம்னு சொல்லிக் கொடுத்திருக்காங்க. மூணு படியும் சேர்த்து ஒன்றரை அடி, அப்போ பதினெட்டு அடி வேணும். ஆறு அடியில போட்டா வண்டி கட்டுற மாடுதான் ஏறும், சக்கர நாற்காலி ஏறாது, இறங்கும்போது ஆளைக் கவுத்துடும். பதினெட்டு அடி போட்டா முன்னால வண்டி நிறுத்த இடம் போயிடும்னு தலைவி அக்கா சொல்றாங்க. சுவத்து ஓரமா திருப்பி ஒன்பது ஒன்பது அடியா போடலாம், நடுவுல நாற்காலி திரும்ப ஒரு திட்டு வேணும்னு கொழுந்தனாரே நோட்டுல படம் வரைஞ்சு கொடுத்திருக்கார். மணல் வந்து இறங்கியாச்சு. மலர் வெளியீட்டு விழாவுக்கு முன்னாடி முடிக்கிறேன்னு கொத்தனார் சொல்லியிருக்கார்.